டிவிடி பிளேயர் "நோ டிஸ்க்" காட்டுகிறது: லென்ஸ் மாற்றுவதா, புதிது வாங்குவதா?

செம்பருத்தி (கேள்வி)

5.1 சேனல் டிவிடி பிளேயர், வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. ஆடியோ சிடி பாடுகிறது, விசிடியும் ஓடுகிறது. டிவிடி போட்டால் 20 விநாடி "லோடிங்" காட்டிவிட்டு "நோ டிஸ்க்" என்கிறது. லென்ஸ் கிளீனர் டிஸ்க் இரண்டு முறை போட்டாயிற்று, மாற்றம் இல்லை. ஆன் செய்து பத்து நிமிடம் விட்டுவிட்டுப் போட்டால் சில நேரம் எடுக்கிறது.

இதே மாடலை வாங்கியவர்கள் எழுதியிருக்கும் கருத்துகளைப் படித்தேன். பாதிப் பேர் "லென்ஸ் சீக்கிரம் போய்விடும்" என்கிறார்கள், மீதிப் பேர் "எந்த டிஸ்க் போட்டாலும் படிக்கும்" என்கிறார்கள். எதை நம்புவது? முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு கல்யாண டிஸ்க்குகள். மீட்டர் பார்க்கவும் சாலிடர் வைக்கவும் தெரியும்.

டெக்பெஞ்ச்

லென்ஸை இப்போதைக்குத் தொடாதீர்கள். "பத்து நிமிடம் விட்டால் எடுக்கிறது" என்ற வரிதான் துப்பு. லேசர் டையோடு தேய்ந்திருந்தால் சூடு ஏற ஏற இன்னும் மோசமாகும். குளிர்ந்திருக்கும்போது மக்கர் செய்து, சூடானதும் சரியாவது காய்ந்துபோன கண்டென்சரின் குணம். முதல் சந்தேகம் பவர் சப்ளை போர்டு மேல்.

சிடி ஓடி டிவிடி ஓடாவிட்டால் லென்ஸ்தான் என்று எல்லோரும் முடிவு கட்டுவதற்குக் காரணம் உண்டு. சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர். ஒன்று போய் மற்றது உயிரோடு இருக்கலாம். ஆனால் மோட்டார் வேகத்தையும் பாருங்கள். டிஸ்க்கை உள்வட்டத்தில்தான் படிக்கத் தொடங்கும். அங்கே சிடிக்கு நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று போதும், டிவிடிக்குச் சுமார் 1400 சுற்று வேண்டும். 5 வோல்ட் லைன் தள்ளாடினால் சிடி தப்பிக்கும், டிவிடி விழும். வெளியே தெரியும் அறிகுறி இரண்டிலும் ஒன்றே.

பார்க்க வேண்டிய முறை இது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறங்கள். மெயின் பக்கத்தில் 400 வோல்ட் என்று எழுதிய ஒரே ஒரு பெரிய கண்டென்சர் இருக்கும், பெரும்பாலும் 22 அல்லது 47 மைக்ரோ ஃபாரட். ஓடும்போது அதில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யக் கூடாது. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அதன் இரு கால்களுக்கும் குறுக்கே ஐந்து விநாடி பிடித்துவிட்டு, மீட்டரை 1000 வோல்ட் டிசியில் வைத்து இறங்கிவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். இந்த ஒரு வேலையில் மட்டும் அவசரம் வேண்டாம்.

அடுத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு மறுபக்கம் இருக்கும் சின்னக் கண்டென்சர்கள். 5 வோல்ட் லைனில் இருப்பது வழக்கமாக 1000 மைக்ரோ ஃபாரட், 10 வோல்ட். தலை தட்டையாக இருக்க வேண்டும். மேடாக உப்பியிருந்தாலோ அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதுதான் குற்றவாளி. அதையும் பார்த்துவிட்டு, எம்பெக் போர்டுக்கு (டிஸ்க்கில் இருப்பதைப் படமாகவும் ஒலியாகவும் மாற்றும் முக்கிய போர்டு) போகும் கனெக்டரில் 5 வோல்ட் பின்னை அளந்து சொல்லுங்கள். டிஸ்க் இல்லாமல் ஒரு முறை, டிவிடி சுற்றத் தொடங்கும்போது ஒரு முறை. மெயின் பக்கத்தில் கை படாமல் அளக்க வேண்டும்.

ரிப்பன்கேபிள்

மேலே சொன்னதோடு ஒன்று. கருத்துகளில் "லென்ஸ் பக்கத்தில் இருக்கும் குட்டி பிரிசெட்டைத் திருகினேன், ஓடுகிறது" என்று எழுதியிருப்பார்கள். அதைச் செய்துவிடாதீர்கள், அண்ணா. அந்தக் குட்டித் திருகு கட்டுப்படுத்துவது லேசருக்குப் போகும் கரண்டை. கூட்டினால் சில வாரம் பிரமாதமாக ஓடும், பிறகு டையோடு கருகிவிடும். ஓடிய அன்றே கருத்து எழுதிவிடுகிறார்கள், கருகிய பிறகு யாரும் திரும்பி வந்து எழுதுவதில்லை.

கிளீனர் டிஸ்க் தூசியைத்தான் தள்ளும், சமையலறைப் புகைப் படலம் அதற்கு வராது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை நனைத்து, சொட்டாதபடி உதறிவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே ஒரு சுற்று. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் சாய்ந்துவிடும். தின்னர், அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் வேண்டாம், லென்ஸ் பிளாஸ்டிக், மங்கிப்போகும்.

செம்பருத்தி

அளந்துவிட்டேன். டிஸ்க் இல்லாமல் 4.95 வோல்ட். டிவிடி சுற்றத் தொடங்கும்போது 4.4 வரை இறங்கி மீண்டும் ஏறுகிறது. இரண்டு 1000 மைக்ரோ ஃபாரட்டில் ஒன்றின் தலை லேசாக உப்பியிருக்கிறது. லென்ஸையும் சொன்ன மாதிரியே துடைத்தேன், வித்தியாசம் இல்லை.

டெக்பெஞ்ச்

அதுவேதான். 4.75க்குக் கீழே போகவே கூடாது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரே வயது, ஒரே சூடு. அதே 1000 மைக்ரோ ஃபாரட், வோல்டேஜ் மட்டும் 16, 105 டிகிரி வகை, கடையில் "லோ இஎஸ்ஆர்" (உள் மின்தடை குறைந்தது) என்று கேட்டு வாங்குங்கள். 85 டிகிரி சாதா வகையைப் போட்டால் சீக்கிரமே திரும்ப இதே கதை. 16 வோல்ட் வகை கொஞ்சம் பருமனாக இருக்கும், பழையதன் விட்டத்தையும் உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள். உடம்பில் கோடு இருக்கும் பக்கம் நெகட்டிவ். மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

ஓரக்கண்

இதன் பிறகும் எடுக்காவிட்டால் டிஸ்க்கைச் சுற்றும் ஸ்பிண்டில் மோட்டார். போர்டிலிருந்து அதன் கனெக்டரைக் கழற்றி, மீட்டரை 200 ஓமில் வைத்து, மோட்டாரை விரலால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஓரிடத்தில் ரீடிங் அறுந்து போனால் உள்ளே பிரஷ் தேய்ந்துவிட்டது. மோட்டாரை மாற்றுபவர்கள் வழக்கமாகத் தவறுவது டர்ன்டேபிள் (டிஸ்க் உட்காரும் தட்டு) உயரத்தில். பழையதைப் பிடுங்கும் முன் வெர்னியரில் அளந்து குறித்துவைக்காவிட்டால், அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஃபோகஸ் திண்டாடும்.

கடைசியில் லென்ஸ் வாங்கத்தான் வேண்டும் என்றால், பழைய யூனிட்டின் மேல் அச்சிட்ட நம்பரையே கேளுங்கள். எஸ்எஃப்-எச்டி62, கேஎச்எம்-313 போன்றவை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நெடுநாளாகப் புழங்குபவை. புது லென்ஸில் நிலைமின்சாரத்திலிருந்து காக்க ஒரு சாலிடர் பொட்டு வைத்திருப்பார்கள். முதலில் ரிப்பனைச் செருகி, அதன் பிறகே அந்தப் பொட்டை எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் லேசர் எரியவே எரியாது. "புது லென்ஸும் டூப்ளிகேட்" என்று எழுதப்பட்ட கருத்துகளில் சில இதனால் வந்தவையாக இருக்கும்.

செம்பருத்தி

இரண்டு கண்டென்சரும் மாற்றியாயிற்று. இப்போது சுற்றத் தொடங்கும்போதும் 4.9க்குக் கீழே இறங்கவில்லை. கடையில் வாங்கிய பட டிவிடிகள் எல்லாம் ஐந்தாறு விநாடியில் எடுக்கின்றன. மிக்க நன்றி. கல்யாண டிஸ்க்கில் ஒன்று முழுதும் ஓடுகிறது. இன்னொன்று 40 நிமிடம் தாண்டியதும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது.

டெக்பெஞ்ச்

இது பிளேயரின் குறை இல்லை. கடைப் படம் அச்சில் வார்த்தது, உள்ளே அலுமினியப் பூச்சு. கல்யாண டிஸ்க் டிவிடி-ஆர், சாயத்தில் லேசரால் எழுதியது. வெளிச்சமும் வெக்கையும் பட்டால் சாயம் வெளுக்கும், பெரும்பாலும் வெளி ஓரத்திலிருந்து. உள்ளிருந்து வெளியே படிப்பதால் கோளாறு படத்தின் பிற்பகுதியில் தெரிகிறது. டிஸ்க் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், பாதி கிழிந்து நின்றால் சுற்றும்போது டிஸ்க் சமநிலை தவறும்.

அதைத் திரும்பத் திரும்பப் பிளேயரில் போட்டுப் பார்க்காமல் உடனே நகல் எடுங்கள். கம்ப்யூட்டர் டிவிடி டிரைவ், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ (பழுதான டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்கும் மென்பொருள்), பிளாக் அளவு 2048 பைட். முதல் சுற்றில் சுலபமாக வருவதை எல்லாம் எடுத்துவிட்டு, எது வந்தது, எது வரவில்லை என்று அது குறித்துவைக்கும் மேப் ஃபைலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, விட்டுப்போனதை மூன்று முறை முயலச் சொல்லுங்கள். அதே மேப் ஃபைலோடு டிஸ்க்கை வேறொரு டிரைவில் போட்டால் இன்னும் கொஞ்சம் மீளும். டிரைவுக்கு டிரைவ் படிக்கும் திறன் மாறும். கிடைத்த ஐஎஸ்ஓ ஃபைலை (டிஸ்க்கின் நகல்) விஎல்சி பிளேயரில் அப்படியே திறக்கலாம். நன்றாக ஓடும் டிஸ்க்கையும் இன்றே நகல் எடுத்துவிடுங்கள், அதுவும் அதே வயதுதானே.

ரிப்பன்கேபிள்

கருத்துகளில் எதை நம்புவது என்று முதலில் கேட்டிருந்தீர்கள். எந்த டிஸ்க் என்று சொல்லாமல் "படிக்கவில்லை" என்பவரை விட்டுவிடுங்கள். "பென்டிரைவ் படம் ஓடவில்லை" என்பதில் பாதிக்கு மேல் ஃபார்மேட் தகராறாகத்தான் இருக்கும். இந்த வகைப் பிளேயர்கள் பல ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவை மட்டுமே ஏற்கும், எம்பி4 படிக்காது. "புது டிவியில் படம் மங்கல்" என்பதும் குறை இல்லை. டிவிடியில் இருப்பதே 720க்கு 576 புள்ளிகள், 1080 வரி டிவியில் விரிந்தால் அப்படித்தான் தெரியும். "கறுப்பு வெள்ளையாக வருகிறது" என்றால் மஞ்சள் வயரை டிவியின் காம்பொனென்ட் பக்கம் செருகியிருப்பார்கள்.

ஒரு வருடம் கழித்துத் திரும்ப வந்து, எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது நின்றது, குளிர்ந்திருந்தபோதா சூடானபோதா என்று எழுதுகிறவர் அபூர்வம். அப்படி ஒருவர் கிடைத்தால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செம்பருத்தி

டிடிரெஸ்க்யூ முதல் சுற்று முடிந்தது. 4.3 ஜிபியில் 61 எம்பி மட்டும் பாக்கி. மேப் ஃபைலோடு வேறு டிரைவில் போட்டிருக்கிறேன், அது குறைந்துகொண்டே வருகிறது. மாடலின் கருத்துப் பக்கத்தில் 5 வோல்ட் அளவுகளையும் கண்டென்சர் மதிப்பையும் எழுதிவிட்டேன்.