எலும்பு கூடிவிட்டது, மகள் இன்னும் வலிக்கிறது என்கிறாள்

கேள்வி (பாலக்கோடு, தாய்):
என் ஏழு வயது மகள் இரு சக்கர வண்டியிலிருந்து விழுந்து முன்கை எலும்பு முறிந்து, இரண்டு மாதங்களுக்கு மேலாகிறது. மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று, எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்கிறார் மருத்துவர். ஆனாலும் இரவில் கை வலிக்கிறது என்று அழுகிறாள், வண்டிச் சத்தம் கேட்டாலே என் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறாள், எப்போதோ நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கமும் திரும்பியிருக்கிறது. பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள் என்கிறார் கணவர். மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில் 1 (தருமபுரி, குழந்தைகள் பிரிவுச் செவிலியர்):
சகோதரி, நடிப்பு என்ற சொல் அவள் காதில் விழவே கூடாது. பயத்தில் உடல் இறுகும்போது வலி கூடுதலாகத் தெரியும். அந்த வலி விபத்தை நினைவூட்டிப் பயத்தை மறுபடி கிளப்பும். ஆகவே இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். கையில் வீக்கம், நிறமாற்றம், லேசாகத் தொட்டாலே தாங்க முடியாத வலி ஆகியவை இருந்தால் எலும்பு மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும் ஆறு முகப் படங்களைக் காட்டி, "உன் வலி எந்த முகம்?" என்று நாங்கள் கேட்பதுண்டு, எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டால் விழிக்கும் குழந்தைகூட ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டிவிடும்.

காயத்தின் அளவை வைத்து மனபாதிப்பை எடைபோட முடியாது. செத்துவிடுவோம் என்று அந்தக் கணத்தில் குழந்தை நினைத்ததா என்பதே அதைவிட முக்கியம். இத்தகைய தொந்தரவுகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகத் தணியும். ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடிப்பதால், மனநல மருத்துவரிடம் காட்டுவதே சரி.

பதில் 2 (காவேரிப்பட்டணம், தந்தை):
பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "எப்படிம்மா விழுந்தே, சொல்லு" என்று கேட்பார்கள். அதை முதலில் நிறுத்துங்கள். அவளாகச் சொன்னால் கேளுங்கள். விபத்துக்குப் பிறகு என் மகன் பொம்மை லாரிகளை மோதவிட்டு அதையே திரும்பத் திரும்ப விளையாடினான். தடுக்க வேண்டாம் என்றார் மனநல ஆலோசகர். நிறுத்திய வண்டியில் உட்கார வைப்பது, பிறகு என்ஜினை ஓடவிடுவது, அதன் பிறகே தெருமுனை வரை போவது என்று அவர் படிப்படியாகப் பழக்கினார். அன்று வண்டியை ஓட்டியவர் உங்கள் கணவரா? அவர் மனதிலும் அச்சம் இருக்கலாம். பெற்றோரின் பதற்றம் குழந்தைக்கு அப்படியே தெரியும்.

பதில் 3 (செவிலியர்):
கயிறு இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காக மாமியாரோடு வாதாட வேண்டாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதற்கு முன் பேச விரும்பினால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை) எண்ணை இரவிலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.