மேகம் விலகும் பத்து நிமிடத்தில் வானத்தில் எதைப் பார்ப்பது? (ஆள் புதிது, நேரம் குறைவு)

மேகக்காரன்:
வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாள் ஆசைக்கு ஒரு 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு, 50 மில்லிமீட்டர் முன்வில்லை) வாங்கிவிட்டேன், ஆனால் பார்ப்பதுதான் நடக்க மாட்டேன் என்கிறது. வேலை முடிந்து வீட்டுக்கு வர இரவு ஒன்பது மணி. பாதி நாள் வானம் மூடிக் கிடக்கும். மீதி நாளில் நகர வெளிச்சத்தைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு நட்சத்திரம் தெரிந்தால் அதிகம்.

இதற்கு நடுவில் மூன்று குழப்பம். கைபேசிச் செயலி வியாழன் என்று காட்டும் இடத்தில் ஒன்றுமே இல்லை. பளிச்சென்ற ஒன்று இடப்பக்கம் நன்றாகத் தள்ளி நிற்கிறது. பைனாகுலரில் நட்சத்திரம் புள்ளியாக நிற்காமல் வால் முளைத்து ஆடுகிறது (படுக்கையறை ஜன்னலை மூடி வைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன், கொசு). கடைசியாக, 500 மடங்கு பெரிதாக்கும் என்று ஒரு தொலைநோக்கி விளம்பரம் கண்ணில் படுகிறது. அதை வாங்கினால் இதெல்லாம் தீருமா?

துருவன்:
முதல் குழப்பம் சுலபம். கம்பி போட்ட ஜன்னல், இரும்புக் கிராதி பக்கத்தில் நின்றால் கைபேசிக்குள் இருக்கும் திசைகாட்டி தடுமாறும். காந்தம் வைத்து மூடும் உறை போட்டிருந்தாலும் இதே கதை. உறையைக் கழற்றிவிட்டு, கம்பியை விட்டுத் தள்ளி நின்று, கைபேசியால் காற்றில் நாலைந்து முறை எட்டு போடுங்கள். அப்புறமும் முழுதாக நம்ப வேண்டாம். நிலா இருக்கும் நாளில் செயலியை நிலாவுக்கு நேரே பிடியுங்கள். திரையில் இருக்கும் நிலா எவ்வளவு விலகித் தெரிகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு மற்றவையும் விலகியிருக்கும். இடப்பக்கம் நிற்கிறது என்றீர்களே, அது மின்னாமல் நிதானமாக ஒளிர்ந்தால் வியாழன் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கிட்டப்பார்வை:
வால் முளைப்பது ஜன்னல் கண்ணாடியால். வெறுங்கண்ணுக்குத் தெரியாத நெளிவு அதில் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும்போது அதுவும் சேர்ந்து வரும். ஜன்னலைத் திறந்தாலும் அறைக்காற்றும் வெளிக்காற்றும் கலக்கும் இடத்தில் காட்சி அலையத்தான் செய்யும். பால்கனியோ மாடியோ போய்விடுங்கள். கொசுவுக்கு முழுக்கைச் சட்டை.

குவியம் வைக்க: வலக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்கு நட்சத்திரத்தைக் கூர்மையாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்கக் கண்வில்லையில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்புங்கள். நிறைய பேர் அந்த வளையம் இருப்பதையே கவனிப்பதில்லை. மூக்குக்கண்ணாடி போடுபவரா? சிலிண்டர் பவர் இல்லையென்றால் கழற்றிவிட்டே பார்க்கலாம், சக்கரம் ஈடுகட்டும். கை ஆட்டத்துக்கு, இரண்டு முழங்கையையும் கைப்பிடிச் சுவரில் ஊன்றுங்கள்.

500 மடங்கு சமாசாரத்தில் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். முன்வில்லை அல்லது ஆடியின் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு, அதுதான் தோராயமான உச்ச வரம்பு. 60 மில்லிமீட்டர் கருவிக்கு 120. அதற்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும்.

விடியல்:
ஒன்பது மணிக்கு வருபவர் இரவையே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. நட்சத்திரங்கள் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக உதிக்கும், மாதத்துக்கு 2 மணி நேரம். ஆகவே இன்று அதிகாலை 5 மணிக்குத் தெரியும் நட்சத்திரங்கள் நாலு மாதம் கழித்து இரவு 9 மணிக்கு அதே இடத்தில் நிற்கும். வேலைக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் போதும். பகல் சூட்டில் எழும் குவி மேகங்களும் பெரும்பாலும் அதற்குள் அடங்கியிருக்கும். ஒரே எச்சரிக்கை, சூரியன் எழுவதற்குள் பைனாகுலரை உறையில் போட்டுவிடுங்கள்.

எதைப் பார்ப்பது என்றால், நகர வெளிச்சத்துக்கு அசராதவற்றை. நிலா முதலில். பௌர்ணமியை விட்டுவிடுங்கள், கண் கூசும், நிழலே விழாது. வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளில் இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள். பள்ளங்களின் விளிம்பு தனித்தனியாக எழுந்து நிற்கும். சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டரும் அருந்ததியும் பைனாகுலரில் நன்றாகப் பிரிந்து தெரிவார்கள். கார்த்திகைக் கூட்டம் கண்ணுக்கு ஆறு புள்ளி, பைனாகுலரில் டஜன் கணக்கில். திருவாதிரையின் செம்மை, ரோகிணியின் ஆரஞ்சு நிறம் இரண்டும் நகரத்திலேயே தெரியும். நெபுலா (விண்வெளியில் வாயு, தூசி மேகம்), கேலக்ஸி எல்லாம் ஊரை விட்டு வெளியே போகும் நாளுக்கு.

மேகத்துக்கு வானிலைச் செயலியின் சதவீதக் கணக்கைப் பார்க்காதீர்கள். செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தை ஓடவிட்டு, இடைவெளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். மெல்லிய உயர் மேகம் என்றால் நிலாவும் கோள்களும் அதைத் தாண்டியும் தெரியும். மழை விட்ட இரவைத் தவறவிடாதீர்கள், தூசி கழுவப்பட்டிருக்கும்.

மேசை டாப்சோனியன்:
எல்லாரும் தொலைநோக்கியை விரட்டுகிறீர்களே! சனியின் வளையம் 10×50-இல் தெரியாது, அதற்கு முப்பது மடங்காவது வேண்டும். மேசைமேல் வைக்கும் 130 மில்லிமீட்டர் டாப்சோனியனை (வில்லைக்குப் பதில் குழிக் கண்ணாடி வைத்த எளிய தொலைநோக்கி) தூக்கி வைக்க இரண்டு நிமிடம்.

விடியல்:
வைக்க இரண்டு நிமிடம், அதன் கண்ணாடியின் சூடு வெளிக்காற்றோடு சமமாக அரைமணி. அதற்குள் மேகம் வந்துவிடும். வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வானத்தில் பத்து இடத்துக்குச் செயலி இல்லாமல் போகத் தெரிந்த பிறகு வாங்கட்டும்.

மேகக்காரன்:
நன்றி! காந்த உறைதான் காரணம். கழற்றியதும் செயலி நேராகிவிட்டது, இடப்பக்கம் நின்றது வியாழனேதான். சுவரில் முழங்கை ஊன்றிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரே வரிசையில் சின்னப் புள்ளிகள், ஆனால் மூன்றுதான். 1610-இல் கலிலியோ கண்ட நிலாக்கள் நாலு அல்லவா, நாலாவது எங்கே? பைனாகுலரில் கோளாறா?

துருவன்:
பைனாகுலர் நன்றாகவே இருக்கிறது. ஒன்று வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும், அல்லது அதன் பிரகாசத்தில் மறைந்திருக்கும். அடிக்கடி இப்படிக் காணாமல் போவது அந்த நாலில் அயோ என்ற நிலா. சுமார் 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடும், எப்போதும் வியாழனை ஒட்டியே திரியும். இன்னொரு நிலா காலிஸ்டோவுக்குக் கிட்டத்தட்ட 17 நாள். ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலியில் வியாழனைப் பெரிதாக்கி, நீங்கள் பார்த்த நேரத்தைக் கொடுங்கள், எது எங்கே இருந்தது என்று காட்டும். நாளைக்கு மேகம் விட்டால் மறுபடி எண்ணிப் பாருங்கள்.