'வாஸ்' வந்தாலே பேசிவ் வாய்ஸா? வேறுபடுத்திக் காண உதவி தேவை

கேள்வி:
வணக்கம். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ஆங்கில வாக்கியத்தில் 'இஸ்', 'வாஸ்' வந்தாலே செயப்பாட்டுவினை (பேசிவ் வாய்ஸ்) என்று குறித்துவிடுகிறாள். 'ஷீ வாஸ் ரைட்டிங் எ லெட்டர்' என்பதையும் அப்படியே குறித்திருக்கிறாள். 'பை' வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஆனால் 'மை சைக்கிள் வாஸ் ஸ்டோலன்' என்பதில் அச்சொல்லே இல்லை. உறுதியான வழி உண்டா?

மறுமொழி 1:
வணக்கம் சகோதரி. 'பை' நம்பத்தக்க அடையாளம் அன்று. திருடியவர் யாரென்று தெரியாதபோது அது வராது. 'ஹீ கேம் பை பஸ்' போன்ற செய்வினையிலும் அது வரும். அதைவிட, வினைத்தொடரின் கடைசி இரண்டு சொற்களைப் பார்க்கப் பழக்குங்கள். கடைசிச் சொல் 'ரிட்டன்', 'ஸ்டோலன்' போன்ற பாஸ்ட் பார்ட்டிசிப்பிளாகவும் (வினையின் மூன்றாம் வடிவம்), அதற்கு முந்தையது 'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீ, பீன், பீயிங்' ஆகியவற்றுள் ஒன்றாகவும் இருந்தால், பெரும்பாலும் அது செயப்பாட்டுவினை. 'ஹேஸ் ரிட்டன்' என்பதில் முன்னால் நிற்பது 'ஹேஸ்' என்பதால் அது செய்வினை. 'ஹேஸ் பீன் ரிட்டன்' செயப்பாட்டுவினை. 'ஹேஸ் பீன் ரைட்டிங்' என்று முடிந்தால் மீண்டும் செய்வினை. மாணவர்கள் அதிகம் தடுமாறுவது 'வாஸ் பீயிங் ரிட்டன்' என்ற வடிவத்தில்தான். நடுவில் 'இங்' இருந்தாலும் கடைசி இரண்டு சொற்கள் 'பீயிங் ரிட்டன்' என்பதால் அதுவும் செயப்பாட்டுவினையே.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. இந்த முறைப்படி அவள் பலவற்றைச் சரியாகக் கண்டுபிடித்தாள். ஆனால் அவள் எழுதிய 'தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட் எஸ்டர்டே' என்ற வாக்கியத்தை ஆசிரியர் அடித்துவிட்டார். 'ஐ வாஸ் வெரி டயர்ட்' என்பது எந்த வகை?

மறுமொழி 2:
'ஹேப்பன்' செயப்படுபொருள் குன்றிய வினை. செயப்படுபொருளை எழுவாயாக மாற்றுவதால்தான் செயப்பாட்டுவினை பிறக்கிறது. செயப்படுபொருளே இல்லாத 'ஹேப்பன்', 'அக்கர்', 'அரைவ்', 'டிஸ்அப்பியர்' முதலிய வினைகளுக்கு அந்த வடிவம் கிடையாது. ஆகவே 'தி ஆக்சிடென்ட் ஹேப்பண்ட் எஸ்டர்டே' என்பதே சரி. நம் பிள்ளைகள் மிகுதியாகச் செய்யும் பிழை இது. தனியே பயிற்சி கொடுப்பது நல்லது. 'டயர்ட்' என்பதோ இங்கே பெயரடை. 'வெரி' அதன் முன் இயல்பாக நிற்பதே சான்று.

மறுமொழி 1:
மேலே 'பெரும்பாலும்' என்று நான் சொன்னது இத்தகைய சொற்களை எண்ணித்தான். 'தி ஷாப் வாஸ் க்ளோஸ்ட்' என்பதைத் தனியே கொடுத்தால் இரண்டு பொருளும் கொள்ளலாம். 'பை தி போலீஸ்' என்று தொடர்ந்தால் போலீசார் கடையை மூடிய செயலைக் குறிப்பதால் அது செயப்பாட்டுவினை. 'வென் ஐ வென்ட் தேர்' என்று தொடர்ந்தால் நான் போனபோது கடை மூடியிருந்த நிலையையே பெரும்பாலும் குறிக்கும். இத்தகைய இடங்களில் வடிவத்தை மட்டும் நம்பாமல் வாக்கியம் முழுவதையும் படித்துப் பொருள்கொள்ளச் சொல்லுங்கள்.