பவர் கண்டிஷனரைப் போட்டவுடன் எம்.சி.பி. விழுகிறது: உதவி வேண்டும்

கேட்பவர், தேவனாம்பட்டினம், கடலூர்

வணக்கம். ஹோம் தியேட்டருக்கென்று ஒரு பவர் கண்டிஷனர் (டிவி, ஆம்புக்குப் போகும் கரண்டில் ஸ்பைக், இரைச்சலை வடிகட்டும் பெட்டி) வைத்திருக்கிறேன். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. நாலு வருஷம் நன்றாக ஓடியது. போன வாரம் மழை இரவில் ஹால் பல்புகள் திடீரென்று கண் கூசுகிற அளவுக்கு எரிந்தன, ஃபேன் பறந்தது. ஏழெட்டு நொடி இருக்கும். கண்டிஷனருக்குள் 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை, எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) விழுந்துவிட்டது.

அதன் பிறகு கண்டிஷனரைப் போட்டாலே விழுகிறது. அதில் எதையும் சொருகாமல் போட்டாலும் அப்படித்தான். டிவி, ஆம்ப், சப்வூஃபர் மூன்றும் வேறு பாயிண்டில் ஒழுங்காக வேலை செய்கின்றன. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சம்பந்தம் உண்டா தெரியவில்லை: வாங்கிய நாளிலிருந்தே பெட்டியின் தகட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருக்கும்.

அப்பாவுக்கு நடமாட்டம் குறைந்துவிட்டது. சாயங்காலம் பழைய பாட்டு கேட்பதுதான் அவருக்குப் பொழுது. அதனால் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும். மல்டிமீட்டர் இருக்கிறது, சால்டரிங் தெரியும்.

வயரிங் வேலை செய்பவர், வில்லியனூர்

தம்பி, முதலில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். ஷார்ட்டான பெட்டிக்கு ஒவ்வொரு முறை கரண்ட் கொடுக்கும்போதும் உள்ளே போர்டு கருகும், டிபி பாக்ஸில் (வீட்டு ஸ்விட்சுகள் எல்லாம் இருக்கும் மெயின் பெட்டி) எம்.சி.பி.யும் தேயும்.

மூன்று கேள்வி. விழுவது எம்.சி.பி.யா, ஆர்.சி.சி.பி.யா? எம்.சி.பி. விழுந்தால் லைனும் நியூட்ரலும் சேர்ந்துவிட்டது என்று பொருள். ஆர்.சி.சி.பி. விழுந்தால் எர்த்துக்குக் கசிகிறது என்று பொருள். இரண்டுக்கும் தேட வேண்டிய இடமே வேறு. அடுத்து, அந்த இரவில் உங்கள் பல்பு பிரகாசமாக எரிந்தபோது அக்கம்பக்கத்தில் யாருக்காவது மங்கலாக எரிந்ததா? கடைசியாக, பெட்டி எவ்வளவு கனம்?

கேட்பவர்

விழுவது 16 ஆம்ப் எம்.சி.பி.தான் அண்ணா. ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்ப், அது விழவில்லை. எதிர்வீட்டில் விசாரித்தேன். அந்த நேரம் அவர்களுக்கு டியூப்லைட் அணைந்து அணைந்து எரிந்ததாம். பெட்டி மூன்று கிலோ இருக்கும்.

வயரிங் வேலை செய்பவர், வில்லியனூர்

அப்படியென்றால் தெருவில் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. மூன்று பேஸுக்கும் பொதுவான நியூட்ரல் அறுந்தால், லோடு குறைவாக இருக்கும் பேஸில் வோல்டேஜ் ஏறும், அதிகமாக இருக்கும் பேஸில் இறங்கும். 230 வர வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கிவிடும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த பிறகு கடலூர்ப் பக்கம் வேலைக்கு வந்தபோது இப்படிப் போன டிவிகளை நிறையப் பார்த்தேன்.

ஆம்ப் ரிப்பேர் செய்பவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அவர் சொல்வது சரி. மூன்று கிலோ என்றால் உள்ளே பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. எம்.ஓ.வி., கெபாசிட்டர், காயில், அவ்வளவுதான். அவர் கனத்தைக் கேட்டதற்குக் காரணம் உண்டு: டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் லைன்-நியூட்ரல் இடையே சில ஓம் காட்டுவதே இயல்பு, அதை ஷார்ட் என்று நினைத்து ஏமாறக்கூடாது.

எம்.ஓ.வி. என்பது மாத்திரை வடிவில் நீலமாகவோ மஞ்சளாகவோ இருக்கும். இடி மின்னலில் வருகிற, மைக்ரோ விநாடிக் கணக்கில் அடங்கிவிடுகிற ஸ்பைக்கை உறிஞ்சத்தான் அதை வைக்கிறார்கள். 400 வோல்ட் ஏழெட்டு நொடி நின்றால் அது சூடேறி வெடிக்கும், பெரும்பாலும் ஷார்ட்டாகிவிடும். உங்களுக்குக் கேட்ட 'டப்' அதுதான் என்று நினைக்கிறேன்.

பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் விடுங்கள். பெட்டியின் ஸ்விட்சை ஆனில் வைத்து, பிளக் பின்களில் லைன்-நியூட்ரல் ஓம் பாருங்கள். பிறகு திறந்து, கெபாசிட்டரில் வோல்டேஜ் மிச்சமில்லை என்று மீட்டரில் உறுதி செய்தபின் கை வையுங்கள்.

கேட்பவர்

0.6 ஓம் காட்டியது. திறந்தேன். லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் இருந்த மாத்திரை இரண்டாகப் பிளந்து கருகியிருக்கிறது. மேலே 20டி431கே என்று பாதி தெரிகிறது. லைன்-எர்த், நியூட்ரல்-எர்த் இடையே இன்னும் இரண்டு உண்டு, பார்வைக்கு நன்றாக இருக்கின்றன. போர்டு முழுக்க பிசுபிசுப்பு, செம்புப் பாதையில் பச்சைக் களிம்பு.

ஆம்ப் ரிப்பேர் செய்பவர்

20 என்பது மில்லிமீட்டரில் விட்டம். 431 என்றால் 43-க்குப் பின் ஒரு சுழி, 430 வோல்ட். அது 275 வோல்ட் ஏ.சி. வரை தாங்கும் வகை. நம் ஊரில் இரவு 250-ஐத் தாண்டுகிற தெருக்கள் உண்டு, அதனால் நான் 20டி471கே போடுவேன், அது 300 வோல்ட் வரை. கருகியதைக் கழற்றிவிட்டு, பிசுபிசுப்பை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பழைய டூத்பிரஷால் தேயுங்கள். கடல் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், மழை நாளில் அதுவே கசிவுக்கு வழி. ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

நேராக மெயினில் போடாதீர்கள். 100 வாட் குண்டு பல்பை லைனில் சீரிஸாகப் போட்டுக் கொடுங்கள். எல்.இ.டி. உதவாது. பல்பு முழுசாக எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. ஒருமுறை மின்னி அணைந்தால் சரி.

அப்புறம், அந்தச் 'சுர்'. சிங்கப்பூரிலும் 230 வோல்ட்தான், அதில் வம்பில்லை. பிளக்தான் வேறு. எதில் சொருகியிருக்கிறீர்கள்?

கேட்பவர்

பல்பு மின்னி அணைந்துவிட்டது! பிளக் சதுரப் பின் என்பதால் ஒரு அடாப்டர் வழியாகச் சொருகியிருந்தேன். இப்போது கண்டினியூட்டி பார்த்தால் அடாப்டரில் எர்த் பின் எதனுடனும் சேரவில்லை. நாலு வருஷமும் எர்த்தே இல்லை.

பெட்டியின் பின்னால் கம்ப்யூட்டர் பவர் கார்டு சொருகும் வகைதான். லாரன்ஸ் ரோட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள கார்டு வாங்கிப் போட்டேன். சுர்ரென்று இருந்தது போய்விட்டது. ஆனால் இப்போது ஆர்.சி.சி.பி. விழுகிறது.

இன்னொரு வாசகர், நெல்லிக்குப்பம்

எனக்கும் இப்படித்தான் வந்தது. எர்த் பின்னைக் கழற்றினேன், சரியாகிவிட்டது. பழைய அடாப்டரையே போட்டுவிடுங்களேன்.

வயரிங் வேலை செய்பவர், வில்லியனூர்

தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். கசிவு சரியாகவில்லை, போகிற வழிதான் அடைபட்டது. அடுத்து அது தகட்டைத் தொடுகிறவர் உடம்பு வழியாகப் போகும். அப்பா இருக்கிற அறை அது. நெல்லிக்குப்பம் சார், நீங்களும் இன்றே பின்னைத் திரும்பப் போட்டு, கசிவதைக் கண்டுபிடியுங்கள்.

ஆம்ப் ரிப்பேர் செய்பவர்

எர்த் இல்லாத பெட்டியில் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் தகட்டுக்குப் போகும் இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் வோல்டேஜைப் பாதியாகப் பிரிக்கும். தகட்டில் 115 வோல்ட் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு, அதனால் சுர்ரென்றதோடு நின்றது. 4.7 நானோ ஃபாரட் என்றால் சுமார் 0.34 மில்லி ஆம்ப்தான். அதற்கு ஆர்.சி.சி.பி. விழாது, 30 மில்லி ஆம்ப் வகை விழக் குறைந்தது 15-க்கு மேல் கசிய வேண்டும்.

ஆகவே லைன்-எர்த் எம்.ஓ.வி. பாதி செத்திருக்கிறது. மல்டிமீட்டரின் சின்ன பேட்டரிக்கு அது நல்லதாகவே காட்டும். கழற்றி, மெகரில் (அதிக வோல்டேஜ் கொடுத்து ஓம் அளக்கும் மீட்டர்) 250 வோல்ட் ரேஞ்சில் பாருங்கள். 500-ல் வேண்டாம், அதில் நல்ல எம்.ஓ.வி.யே கடத்தும்.

கேட்பவர்

தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் மெகர் இருந்தது. லைன்-எர்த் மாத்திரை 9 கிலோ ஓம்! 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 25 மில்லி ஆம்ப் கசிவு. மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டேன். எம்.சி.பி.யும் விழவில்லை, ஆர்.சி.சி.பி.யும் விழவில்லை. வீட்டு எர்த்தையும் அவரே பார்த்தார், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றரை வோல்ட்தான். அப்பா நேற்று ராத்திரி ஒன்பது வரை பாட்டு கேட்டார். இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி.

நியூட்ரல் மறுபடி விட்டால் என்ன செய்வது?

வயரிங் வேலை செய்பவர், வில்லியனூர்

270-ஐத் தாண்டினால் தானே துண்டிக்கிற ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்றை டிபி பாக்ஸிலேயே போட்டுவிடுங்கள் தம்பி. கண்டிஷனருக்கு மட்டுமில்லை, ஃப்ரிட்ஜுக்கும் சேர்த்து ஆகும். மறுபடி பல்பு பிரகாசமானால் முதலில் மெயினை இறக்குங்கள், அப்புறம் லைன்மேனுக்குப் போன் செய்யுங்கள்.