கல்லோடு கூட வந்தது யார்? உப்புநீர்த் தொட்டிக்காரர்களின் பகிர்வு

களியக்காவிளை:
உப்புநீர் மீன்தொட்டியில் கடல் கல்லைப் போட்டால் அதன் பொந்துகளில் ஒளிந்து வேண்டாத உயிர்களும் வந்துவிடும். அவற்றைப் பற்றி ஊருக்கு ஒருவராகச் சொல்கிறோம். விளக்கை அணைத்த பிறகு தொட்டிக்குள் ‘டக்... டக்’ என்று கேட்டால் கண்ணாடி விரிசல் விடுகிறது என்று பதறாதீர்கள். அப்படித் தட்டுவது பெரும்பாலும் இரண்டே பேர். பிஸ்டல் இறாலுக்கு ஒரு கை மட்டும் பெருத்திருக்கும். மணலைத் தோண்டிக் கொட்டிக்கொண்டே கிடக்கும், மீனை அவ்வளவாகச் சீண்டாது. இருந்துவிட்டுப் போகட்டும். மாண்டிஸ் இறால் அப்படியல்ல. காம்பின் மேல் இருக்கும் கண்கள் ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகச் சுழலும். காலையில் நத்தை ஓடு துண்டுதுண்டாகக் கல்லடியில் கிடந்தால் இதன் வேலைதான். விரலை விட்டுத் துழாவினால் நகம் பிளக்கும். பொந்துள்ள கல்லைத் தூக்கி வாளிக்கு மேல் பிடித்து, சிரிஞ்சில் வெறும் சோடாவை எடுத்துப் பொந்துக்குள் அடியுங்கள். மூச்சுமுட்டி வெளியே வந்து விழும். இதைத் தொட்டிக்குள் வைத்தே செய்தால் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) இறங்கும்.

குளச்சல்:
நண்டுக்கு அவ்வளவு பாடு வேண்டாம் அண்ணே. முதல்ல கை நுனியைப் பாருங்க. கரண்டி மாதிரி குழிஞ்சிருந்தா பாசி சுரண்டித் தின்கிற சாதி. கூரா, கறுத்து, உடம்பெல்லாம் மயிரா இருந்தா சந்தேகப்படணும். கண்ணாடி டம்ளர்ல ஒரு துண்டு இறாலைப் போட்டு, வாய் கல்லுல சாயற மாதிரி வைங்க. ராத்திரி உள்ளே இறங்கினது வழுக்குற கண்ணாடியில ஏற முடியாம அங்கேயே நிக்கும். டார்ச்சுல சிவப்புத் தாளைச் சுற்றிக்கிட்டுப் பார்த்தா ஓடி ஒளியாது.

பாறசாலை:
ஐப்டேசியா என்ற கடல் அனிமோன்தான் அதிகம் ஏமாற்றுகிறது. பழுப்பு நிறம், கண்ணாடி போன்ற உடல், தொட்டால் பொந்துக்குள் சுருங்கும். குட்டியாக இருக்கையில் அழகாகத் தெரிவதால் விட்டுவைக்கிறார்கள், பிறகு சுரண்டுகிறார்கள். கல்லில் ஒட்டிய துணுக்கு ஒவ்வொன்றும் தனியாக முளைக்கும். இதைக் கொல்ல, வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு போதும். நிறமும் வாசனையும் சேர்க்காததாகப் பாருங்கள். ஆர்ஓ தண்ணீரில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, பம்பை நிறுத்தி, அது விரிந்திருக்கும்போது வாய் மூடும்படி மெல்ல இறக்குங்கள். 15 நிமிடம் கழித்துப் பம்பைப் போடலாம். சின்னத் தொட்டியில் ஒரு நாளைக்கு மூன்று நான்கைத் தாண்டினால் பிஎச் எகிறும்.

மார்த்தாண்டம்:
கரையில் எடுத்த கல்லை வேகவைத்தால் தொல்லை தீர்ந்தது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அலையடிக்கும் பாறையில் பொத்தான்களை நெருக்கி ஒட்டியதுபோலப் பச்சையும் பழுப்புமாகப் படர்ந்திருப்பது சோவாந்திட், பவளத்துக்கு உறவான மெல்லுடல் உயிர். அதில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. கொதிக்கும்போது எழும் ஆவியை மூச்சில் இழுத்தால் ஆஸ்பத்திரிதான். பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் கண்ணில் தெறிக்கும். அந்தக் கல் அங்கேயே கிடக்கட்டும். பவளத் துண்டையும் தொட வேண்டாம். 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, கடல் அட்டையும் அப்படியே. கூம்புச் சங்கு நச்சுக் கடல் நத்தை, அதில் உயிர் இருந்தால் அகலப் பக்கத்தைப் பிடித்தாலும் கொட்டும். இடுக்கிதான்.

களியக்காவிளை:
பாசி, சிப்பி ஒட்டிய கல் எதுவானாலும் முதலில் உப்பு வாளி. 10 லிட்டர் தொட்டித் தண்ணீரில் 150 கிராம் மரைன் சால்ட் (தொட்டிக்கான கடல் உப்பு) கரைத்தால் அடர்த்தி 1.025இலிருந்து ஏறக்குறைய 1.037க்கு ஏறும். கல்லை ஒன்றிரண்டு நிமிடம் முக்கி, உலுக்கி எடுங்கள். புழு, நண்டு, இறால் அடியில் விழும். மழைக்காலத்தில் தேங்காப்பட்டணம் ஆற்றுவாய்ப் பக்கம் மொண்ட தண்ணீரில் உப்பு குறைந்திருக்கும், உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

குளச்சல்:
வாளியில விழுற புழுவை எல்லாம் கொல்லாதீங்க. ரெண்டு பக்கமும் வெள்ளை முடிக்கொத்து வச்ச சின்னப் புழு மிச்சத் தீனியைத் தின்னு தொட்டியைச் சுத்தமா வச்சிருக்கும். தலையில அஞ்சு உணர்கொம்பு, உடம்புல வானவில் மினுக்கம்னா அது யூனிஸ்ங்கிற தொல்லைப் புழு, வெளியே போடுங்க. முடி விரல்ல ஏறினா தேய்க்காதீங்க, செல்லோடேப்பை ஒட்டி இழுத்துட்டு வினிகரைத் தடவுங்க.