1976 ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் வி12: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

ஹாரோக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக மண்டையைக் குடைகிறது, அதனால்தான் கேட்கிறேன். நான் இருப்பது லண்டன் ஹாரோவில். நார்த்தாம்ப்டன் பக்கம் ஒருவரிடம் 1976 ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் கூபே விற்பனைக்கு இருக்கிறது. 5.3 லிட்டர் வி12 (வி வடிவில் பன்னிரண்டு சிலிண்டர்), ஆட்டோமேட்டிக், பெட்ரோலை மிச்சப்படுத்தும் எச்இ ரகம் வருவதற்கு முந்தைய எஞ்சின். பின்விளக்குகளுக்கு நடுவே அந்தக் கருப்புப் பட்டை, கென்ட் அலாய் சக்கரங்கள், உள்ளே மரவேலையே இல்லாத கருப்பு டேஷ்போர்டு, எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. 11,000 பவுண்டு சொல்கிறார்.

"டிராஃபிக்கில் கொஞ்சம் சூடு ஏறும், இந்த வண்டிகள் எல்லாமே அப்படித்தான்" என்கிறார். போன சனிக்கிழமை பார்க்கப் போனேன். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினோம், பத்து நிமிடம் கழித்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பப் போனால் ஒன்றுமே நடக்காததுபோல் பிடித்துக்கொண்டது.

கிட்டத்தட்ட அதே விலைக்கு 1994 மாடல் 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் கூபே ஒன்றும் கிடைக்கிறது. வீட்டிலும் நண்பர்களும் அதை வாங்கு என்கிறார்கள். ஆனால் நான் படிக்க வந்த புதிதில் தங்கியிருந்த தெருவில் ஒரு பழைய எக்ஸ்ஜே-எஸ் நிற்கும், தினமும் அதைத் தாண்டித்தான் பேருந்துக்கு நடப்பேன். அந்த முகமும் பின்கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இறங்கும் அந்தச் சரிவும்தான் எனக்கு வேண்டும். இந்தச் சூடு விஷயம் பயப்பட வேண்டியதா, சமாளிக்கக்கூடியதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர்கை:

தம்பி, நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கின்றன. ஒன்றாகச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சூடான பிறகு ஸ்டார்ட் ஆகாமல், ஆறியதும் பிடிப்பது முதல் சந்தேகத்தில் இக்னிஷன். அந்த வருட வண்டிகளில் லூகாஸ் ஓபஸ் என்ற எலக்ட்ரானிக் இக்னிஷன் இருக்கும், அதன் ஆம்ப்ளிஃபையருக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது. வெந்து படுத்துவிடும், ஆறினால் எழுந்துகொள்ளும். பானெட்டுக்குள் பெட்ரோல் ஆவியாவதும் இதேபோலத்தான் காட்டும். பிடிக்காத அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஒரு பிளக் வயரில் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, வேறொருவரை சாவியைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். ஸ்பார்க் இல்லை என்றால் ஓபஸ் பக்கம், இருந்தால் பெட்ரோல் பக்கம். ஓபஸ் என்றால் கவலையே வேண்டாம், அதற்குப் பதிலாகப் போடுகிற நவீன இக்னிஷன் கிட் கிடைக்கிறது, ஒரு நாள் வேலை.

எஞ்சின் சூடாவதுதான் உயிர் போகிற விஷயம். "இந்த வண்டிகள் எல்லாமே அப்படித்தான்" என்று விற்கிறவர் சொன்னால் நம்பாதீர்கள். ரேடியேட்டர் சுத்தமாக இருந்து, ஃபேன் ஒழுங்காகச் சுற்றினால் வி12 கோடைகால நெரிசலிலும் வெப்பநிலை முள்ளை நடுவிலேயே வைத்திருக்கும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் இலையும் மண்ணும் அடைத்துக்கொள்ளும், உள்ளே அடிப்பகுதிக் குழாய்களில் சேறு படியும். சுமார் 21 லிட்டர் கூலன்ட் போகிற எஞ்சின், ஆகவே பாதி அடைத்திருந்தாலும் குளிர்நாளில் ஒன்றும் தெரியாது. கடுமையாகச் சூடானால் அலுமினிய ஹெட்டில் பதித்திருக்கும் வால்வ் சீட் கழன்று விழும். ஹெட்டைக் கழற்றலாம் என்று போனால், ஸ்டட் போல்ட்டுகள் அரித்து ஹெட்டோடு ஒட்டிக்கிடக்கும். வாரக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்த முறை சொல்லிவிட்டுப் போங்கள், ஆனால் எஞ்சினைத் தொடக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனவுடன் பானெட்டைத் திறந்து கையை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருக்க வேண்டும். கூலன்ட் மூடியை ஆறிய நிலையில் மட்டும் திறந்து நிறத்தைப் பாருங்கள், பழுப்பாகக் கலங்கியிருந்தால் உள்ளே அரிப்பு. அப்புறம் ஓட்டிவிட்டு வந்து, வண்டியை நகர்த்தாமல் எஞ்சினை மட்டும் அரை மணி நேரம் ஐடிலில் ஓட விடுங்கள். சிலிண்டரில் எரிந்த புகை கூலன்டில் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் நீலத் திரவ டெஸ்டர் ஒன்று உண்டு, கலந்திருந்தால் மஞ்சளாக மாறும். வாங்கிக்கொண்டு போங்கள். பன்னிரண்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்க்க முடிந்தால் நல்லது, ஆனால் முன்பக்க பிளக்குகள் ஏசி கம்ப்ரசருக்கு அடியில் ஒளிந்திருக்கும், விற்கிறவர் கழற்ற விடமாட்டார்.

மிட்லண்ட்ஸ்மழை:

எஞ்சினைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். நான் துருவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வண்டியில் பணத்தை விழுங்குவது அதுதான். கேரேஜ் வைத்திருக்கிறேன், இதுவரை நான்கு எக்ஸ்ஜே-எஸ் வெட்டி ஒட்டியிருக்கிறேன்.

நீங்கள் ஆசைப்படும் அந்தச் சரிவு, பின்கண்ணாடியின் இரு பக்கமும், அது பாடியோடு சேரும் அடிப்பாகத்தில் விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் சிறு கொப்புளமாக எழும்பியிருந்தால் உள்ளே ஓட்டை. அடுத்து பின்சக்கரத்துக்கு முன்னால், ரேடியஸ் ஆர்ம் தரையோடு மாட்டுகிற இடம். பின் சஸ்பென்ஷனை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பதே அதுதான், அங்கே தகடு அரித்திருந்தால் வண்டி பாதுகாப்பானது கிடையாது. கதவுக்கு அடியில் ஓடும் சில் என்ற தகடு, ஜாக் வைக்கும் இடம், முன்பக்கக் குறுக்குச்சட்டம், டிக்கித் தரை எல்லாவற்றையும் காந்தம் வைத்துப் பாருங்கள், பட்டி பூசி மறைத்திருந்தால் ஒட்டாது. முன்பக்கத் தரைவிரிப்பைத் தூக்கி ஈரமா என்றும் பாருங்கள்.

பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இருக்காது, நடுவில் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கும். டிஃபரன்ஷியல் ஆயில் சீல் ஒழுகினால் எண்ணெய் நேராக டிஸ்க்கில் விழும். ஒழுங்காகச் சரிசெய்ய பின் சஸ்பென்ஷன் கூண்டையே இறக்க வேண்டும்.

1977-க்கு முந்தைய ஆட்டோமேட்டிக்கில் போர்க் வார்னர் கியர்பாக்ஸ், அதன்பிறகு ஜிஎம் 400 வந்தது, அதை அழிக்கவே முடியாது. உங்களுடையது பழையது, ஆயிலை முகர்ந்து பாருங்கள், கருகிய வாடை வரக்கூடாது.

இன்னொன்று. 40 வயது தாண்டிய வண்டிக்கு 2018 மே முதல் எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. விற்பவர்கள் அதை ஒரு சலுகையாகச் சொல்வார்கள், ஆனால் அத்தனை வருடமாக யாரும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை என்றும் அர்த்தமாகிறது. அரசு இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் பழைய எம்ஓடி முடிவுகள் வரும், கடைசியாக என்ன எழுதினார்கள் என்று படியுங்கள்.

நேர்வழி:

நான் 1994-ஐ வாங்கச் சொல்கிற கட்சி. 1991-க்குப் பிறகு வந்தவை துருவுக்கு எதிராக எவ்வளவோ மேல், 4.0 எஞ்சினில் கை வைக்க இடம் இருக்கிறது, பெட்ரோலும் மிச்சம். முந்தைய வி12 காலனுக்கு 12, 13 மைல்தான் கொடுக்கும். 1981-இல் சுவிஸ் பொறியாளர் மைக்கேல் மே வடிவமைத்த ஹெட்டைப் போட்டு எச்இ என்று வெளியிட்டதே இந்தப் பசிக்கு வைத்தியமாகத்தான். தினமும் எடுக்கப்போகிற வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம்.

ஹாரோக்காரன்:

அதில்தான் ஒரு சிக்கல். ஹாரோ இப்போது யூலெஸ் எல்லைக்குள், அதாவது புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் லண்டன் மண்டலத்துக்குள், வந்துவிட்டது. 1994 வண்டியை வீட்டு வாசலிலிருந்து எடுத்தாலே அன்றைக்கு 12.50 பவுண்டு. 1976 வண்டி வரலாற்று வாகனம் என்ற வரிப் பிரிவில் இருப்பதால் யூலெஸ் கட்டணமும் இல்லை, சாலை வரியும் இல்லை. மாதத்துக்கு நான்கைந்து முறை ஞாயிற்றுக்கிழமை எடுப்பதற்குத்தான் கேட்கிறேன், வேலைக்குப் போக ரயில் இருக்கிறது.

நேர்வழி:

அதை நான் யோசிக்கவில்லை. ஞாயிறு மட்டும் என்றால் பழையதையே பாருங்கள், ஆனால் மேலே இரண்டு பேர் சொன்னதை ஒன்று விடாமல் சோதியுங்கள்.

ஹாரோக்காரன்:

நேற்று போய்விட்டு வந்தேன். எல்லோருக்கும் நன்றி, சொன்னதை எல்லாம் தாளில் எழுதிக்கொண்டு போனேன்.

எஞ்சின் ஜில்லென்று இருந்தது, முதல் திருப்பிலேயே பிடித்தது. கூலன்ட் லேசான பழுப்பு. ஓட்டும்போது முள் நடுவில் நின்றது, ஐடிலில் விட்டதும் இருபதாவது நிமிடத்தில் மேலே ஏறத் தொடங்கியது, உடனே நிறுத்திவிட்டேன். டெஸ்டர் திரவம் நீலமாகவே இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ரேடியேட்டருக்கு முன்னால் பஞ்சுமெத்தை மாதிரி குப்பை. நிறுத்திய பிறகு மறுபடி பிடிக்கவில்லை, ஸ்பார்க் இல்லவே இல்லை.

பின் சரிவு இரண்டு பக்கமும் சுத்தம், சில் முழுக்கக் காந்தம் ஒட்டியது. ஆனால் இடதுபக்க ரேடியஸ் ஆர்ம் இடத்தில் பழைய தகட்டின்மேல் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்து, கருப்பு பூசியிருக்கிறார்கள். 2017 எம்ஓடியில் அதே இடத்தைக் குறித்து அரிப்பு என்று எழுதியிருக்கிறது. அவரிடம் காட்டினேன், தெரியாது என்றார், முகத்தைப் பார்த்தால் உண்மை என்றுதான் தோன்றியது. 8,800-க்கு இறங்கி வந்தார். என்ன சொல்கிறீர்கள்?

மிட்லண்ட்ஸ்மழை:

சரிவும் சில்லும் சுத்தம் என்றால் அரிதான வண்டிதான். அந்த ஒட்டுத்தகட்டை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, அதன்மேல் இன்னொன்று வைக்காமல் புதிதாகச் செய்ய வேண்டும். பின் சஸ்பென்ஷன் கூண்டை இறக்கும்போதே டிஃபரன்ஷியல் சீல், பிரேக் எல்லாம் சேர்த்துப் பார்த்துவிடலாம். அந்தக் கூலியை மனதில் வைத்துக் கணக்குப் போட்டால் 8,800 நியாயம். நான் என்றால் 8,500 கேட்டுவிட்டு வாங்கிவிடுவேன்.

ஸ்பேனர்கை:

வாங்குங்கள். திரவம் நீலமாகவே நின்றது பெரிய நிம்மதி. ரேடியேட்டரைக் கழற்றி உள்ளும் புறமும் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் கோர் மாற்றி, இரண்டு தெர்மோஸ்டாட்டும் ஃபேன் கப்ளிங்கும் புதிதாகப் போட்டபிறகுதான் லண்டன் நெரிசலுக்குள் கொண்டுபோக வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வாங்கின மகிழ்ச்சியில் எம்1 வழியாக ஓட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள், டிரெய்லரில் ஏற்றுங்கள். அந்த வி வடிவத்தின் நடுவே, சூட்டுக்கு மேலேயே பெட்ரோல் ஹோஸ்கள் ஓடுகின்றன. பழைய ரப்பர் இறுகி வெடித்து, ஒரு சொட்டு கசிந்தாலும் பானெட்டுக்குள் தீ. இஞ்செக்டர் ஹோஸ் உட்பட எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றுங்கள், 2021-இலிருந்து பங்கில் சாதாரண பெட்ரோலே இ10 (பத்து சதவீதம் வரை எத்தனால்) ஆகிவிட்டது. நீங்கள் எத்தனால் குறைந்த இ5 சூப்பர்தான் போட வேண்டும். பக்கத்து இருக்கைக்கு முன்னால் ஒரு சிறிய தீயணைப்பானும் வையுங்கள். ஹோஸ் மாற்றுகிற அன்றைக்குச் சொல்லுங்கள், நான் வாட்ஃபோர்டில்தான் இருக்கிறேன், வந்துவிடுகிறேன்.