பரிசாக வந்த கெட்டிலும் ‘பேராசை’ என்ற பேச்சும்

கேள்வி:
அக்கா எனக்குப் பரிசாகக் கொடுத்த மின்சாரக் கெட்டிலில் வெந்நீரைச் சாய்க்கும்போது கைப்பிடி கழன்று, முழங்காலுக்குக் கீழே வெந்துவிட்டது. பத்து நாள் கட்டுடன் இருந்தேன். விற்ற கடையில் கேட்டால், ரசீது என் பெயரில் இல்லை என்று கையை விரிக்கிறார்கள். மருத்துவச் செலவையாவது கேட்டு வழக்குப் போடலாமா என்று வீட்டில் பேச்செடுத்தபோது, ‘காபியைக் கொட்டிக்கொண்டு கோடீஸ்வரியான அம்மாள் மாதிரி ஆகப் பார்க்கிறாயா?’ என்று அப்பா சிரித்துவிட்டார். பிறர் வாங்கித் தந்த பொருளுக்காக நான் வழக்காட முடியுமா? அது பேராசையா?

பதில் 1:
அந்தக் காபிக் கதையைத் தலைப்புச் செய்தியோடு நிறுத்திக்கொண்டு நானும் பல ஆண்டுகள் சிரித்திருக்கிறேன். 1992இல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில், நிறுத்தியிருந்த காரில் உட்கார்ந்து, கோப்பையை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு 79 வயதான ஸ்டெல்லா லீபெக் மூடியைத் திறந்தபோது, மெக்டொனால்ட்ஸ் காபி அவர் மடியில் கொட்டியது. காபியை ஏறத்தாழ 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் விதி. மூன்றாம் நிலைத் தீக்காயத்துடன் எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்து, தோல் ஒட்டுச் சிகிச்சையும் செய்துகொண்ட அவர், நிறுவனத்திடம் 20,000 டாலர் கேட்டார். அவர்கள் தர முன்வந்தது 800 டாலர். அதற்கு முந்தைய பத்தாண்டில் இதே போன்ற 700க்கும் மேற்பட்ட சூட்டுக்காயப் புகார்கள் வந்திருந்தன என்பது விசாரணையில்தான் வெளிவந்தது. 1994இல் நடுவர் குழு (ஜூரி), இழப்பீடு போக, நிறுவனத்தைத் தண்டிப்பதற்கென்றே விதித்த 27 லட்சம் டாலர் தண்டனைத் தொகை ஊரெங்கும் பரவியது. நீதிபதி அதை 4,80,000 டாலராகக் குறைத்ததும், பின்னர் இரு தரப்பும் வெளியில் சொல்லாத தொகைக்குச் சமரசமாகப் போனதும் அந்த அளவுக்குப் பரவவில்லை. கேட்ட தொகையை விட்டுவிட்டுக் கிடைத்த தொகையை மட்டும் சொன்னால் யாரும் பேராசைக்காரராகத்தான் தெரிவார்.

பதில் 2:
மேலே ஒன்று விடுபட்டிருக்கிறது. லீபெக் மீதும் 20 சதவீதத் தவறு உண்டு என்று கருதிய நடுவர் குழு, 2,00,000 டாலர் இழப்பீட்டை 1,60,000 ஆக்கியது. உங்களிடமும், கைப்பிடி முன்பே ஆடியதா, ஆடியும் பயன்படுத்தினீர்களா என்று கேட்பார்கள். ஆடியிருந்தால் மறைக்க வேண்டாம். எடுத்த எடுப்பில் கோர்ட்டுப் படியேறுவதில் எனக்கு உடன்பாடில்லை. பத்து நாள் காயத்துக்காகப் பல மாதங்கள் அலைய நேரலாம். தயாரித்தவருக்கும் கடைக்கும் எழுத்தில் புகார் அனுப்பி, பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள். கெட்டிலை எறியாதீர்கள், ஒட்டாதீர்கள், திருகாணியைக்கூட முடுக்காதீர்கள். ‘பார்த்துவிட்டுத் தருகிறோம்’ என்று கடைக்காரர் கேட்டாலும் படம் எடுக்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

பதில் 3:
ரசீதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1928இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு பெண்ணுக்குத் தோழி இஞ்சிப் பானம் வாங்கிக் கொடுத்தார். உள்ளே இருப்பது தெரியாத நிறப் புட்டி அது. பாதி குடித்தபின் மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை விழுந்ததாக அவர் வழக்குத் தொடுத்தார். வாங்கியவர் தோழி என்பதால் ஒப்பந்தத்தின் பெயரில் அவரால் எதுவும் கேட்க முடியவில்லை. ஆனாலும், பொருளைப் பயன்படுத்துபவர் மீது தயாரிப்பாளருக்குக் கவனக் கடமை, அதாவது தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, உண்டு என்று அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1932இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. (புட்டியில் நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவே இல்லை.) இன்று பல நாடுகளின் சட்டங்கள் இந்தப் பாதையில்தான் செல்கின்றன; உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இரண்டாம் பதிலைப் படித்ததும் அடுக்களைக்கு ஓடினேன்; அப்பா பசைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிடுங்கிப் படம் எடுத்துவிட்டேன். திருகாணித் துளையைச் சுற்றி, பிளாஸ்டிக்கில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடுகிறது. கைப்பிடி அதற்கு முன் ஒரு நாளும் ஆடியதில்லை. ரசீதை அக்கா அனுப்புகிறாள். மருத்துவச் செலவை மட்டும் கேட்டு இன்றிரவு கடிதம் எழுதப்போகிறேன்.